மத்திய தரவுத்தளத்துக்கு ஐந்தாவது வழி

கண்டி மாநகரிலும் அதைச் சுற்றியுள்ள மேடுபள்ளங்களிலும் வசிக்கும் மக்கள் அனைவரும் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைக் குழாய்நீர் அதிகாரசபை நீண்டகால ஆய்வுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டிருந்தது. யார் யார், எங்கெங்கே, எந்தக் குழாயில் குடிக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் பதிந்து வைத்தால் நாடு முன்னேறும் என்று மேலிடம் தீர்மானித்தது. அப்படித்தான் கொழும்பில், வெயில் படாத, குளிரூட்டிய ஓர் அறையில், மத்திய தரவுத்தளம் பிறந்தது. அது பிறந்த அன்று கண்டிக் கிளைக் காரியாலயத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறு பரிமாறினார்கள். ‘ஒரே தரவு, ஒரே உண்மை’ என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கவிட்டார்கள்.

அந்த ஒரே உண்மையின்படி, அம்பிட்டிய மேட்டில் இருக்கும் மரியகொறற்றி வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மட்டும் ஓடவில்லை.

நடந்தது இதுதான். மரியகொறற்றியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். போகும்போது பொறுப்பாக, தங்கள் லைனை வெட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்த மேட்டில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். மீட்டர்களும் அப்படியே, ஒரே குழிக்குள் இரண்டு. வெட்ட வந்தவர்கள் மூடியைத் திறந்து இரண்டையும் பார்த்தார்கள். ஒன்று ஏறக்குறைய சும்மா கிடந்தது. மற்றது விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சும்மா கிடப்பதை வெட்டி என்ன பிரயோசனம் என்று நினைத்தார்களோ என்னவோ, சுற்றுவதை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரியகொறற்றியின் மீட்டர் சுற்றத்தான் செய்யும். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள் அவள்.

அன்றிலிருந்து இத்தாலி வீட்டுத் தோட்டக் குழாய், பூட்டிய கேட்டுக்கும் கண்ணாடித்துண்டு பதித்த மதிலுக்கும் உள்ளே, யாருக்கும் இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. மரியகொறற்றி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன், பற்றிக் என்பவன், வளைவுக்குக் கீழே இருக்கும் மலையூற்றுப் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி வந்தான். மேல் வீட்டு றேணுகா காலையில் ஒரு வாளி தண்ணீர் கொடுப்பாள். கூடவே இரண்டு வாளி புத்திமதியும் கொடுப்பாள். இடியப்பம் தினமும் பிந்தியது. கடை முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“அக்கா, இந்தக் கிழமைக்குள்ள தண்ணியச் சரிபண்ணிக்கிங்க. இல்லன்னா நான் மெசின் இடியப்பத்துக்கு மாறிடுவேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

இடியப்பம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பற்றிக்குக் கிடைக்கும் மேசன் வேலை மழைக்கு ஓய்ந்து வெயிலுக்குத் தலைகாட்டுவது. ஆகவே மரியகொறற்றி நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

காரியாலயத்தில் மூன்று கவுன்டர்கள். மூன்றிலும் மூன்று கம்பியூட்டர். அவற்றுக்குள் மூன்று வெவ்வேறு காலத்தில் மூன்று வெவ்வேறு கம்பெனிகள் செய்துகொடுத்த மூன்று மென்பொருள்கள். மூன்றும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான், அந்தக் கொழும்புத் தரவுத்தளம். ஆனால் மூன்றும் மூன்று வழியால் போயின.

பில் கவுன்டர் மென்பொருள் முன்வாசலால் போகும். நேரே உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஆறுதலாகப் பார்த்துவிட்டு வரும். அது உள்ளே இருக்கும்வரை வேறு எவரும் நுழைய முடியாது. முறைப்பாட்டுக் கவுன்டர் மென்பொருளுக்கு உள்ளே போகும் பழக்கமே இல்லை. அது தரவுத்தளத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படியைப் பார்க்கும். தினமும் காலையில் புதுப் படி வரவேண்டும். தினமும் காலையில் முன்வாசல் தாழ்ப்பாள் போட்டிருந்ததால், கடைசியாக வந்த படி வெசாக் பண்டிகைக்கு முந்தியது. குழாய் இணைப்புகளைக் கவனிக்கும் தொடுப்புக் கவுன்டர் மென்பொருள் ஆளனுப்பிக் கேட்கும். நடுவில் ஒரு தூது மென்பொருள் இருந்தது. அதற்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: “வெட்டியாச்சா?” ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுக்கு மேல் அதனால் சுமக்க முடியாது. மேல்மாடியில் மெனேஜர் கஜேந்திரனுக்கு நான்காவது வழி கொடுத்திருந்தார்கள். அவர் எதையும் தொட முடியாது. கலர் படமாகப் பார்க்கலாம்.

மரியகொறற்றிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் முதலில் பில் கவுன்டர் அரூசிடம் போனாள்.

“தம்பி, வீட்டுக்குத் தண்ணி வரல.”

அரூஸ் திரையைப் பார்த்தார். “வருதே அக்கா.”

“வரலியே தம்பி.”

“இந்தா, இங்க ஓடிக்கிட்டு ஈக்குது. வெட்டினது ஒங்கட பக்கத்து வூடு.”

“பக்கத்து வீட்டுலதான் ஓடுது. எனக்குச் சத்தம் கேக்குது.”

“ஒங்களுக்குக் கேக்குறதயெல்லாம் சிஸ்டத்துல போட ஏலா அக்கா. முறைப்பாட்டுக்குப் போங்க.”

முறைப்பாட்டுக் கவுன்டரில் நிலூஷா வெசாக்குக்கு முந்திய உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பக்கத்து வீட்டுல வெட்டவே இல்லையேக்கா. ஆள் இருக்காங்களே.”

“அவங்க இத்தாலிக்குப் போயிட்டாங்க மிஸ்.”

“இல்லக்கா, இங்கதான் இருக்காங்க. நல்லா தண்ணி பாவிக்கிறாங்க. நீங்களும் நல்லாத்தான் பாவிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லாதப்ப நான் எதை முறைப்பாடுன்னு எடுக்கிறது? தொடுப்புக்குப் போய்க் கேளுங்க.”

தொடுப்புக் கவுன்டர் திலக்ஷன் நல்ல பிள்ளை. எழுந்து நின்றே பேசினான். தூதை அனுப்பினான். தூது போய், “வெட்டியாச்சா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலோடு திரும்பி வந்தது.

“வெட்டல ஆன்ட்டி. வெட்டினாத்தான் திருப்பித் தொடுக்கலாம்.”

“வெட்டிட்டாங்கப்பா. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“அப்ப வெட்டினதா இங்க வரணும். ஒண்ணும் யோசிக்காதீங்க, வெட்டுறதுக்கு ஆள் அனுப்புறேன்.”

அனுப்பியும் விட்டான். காளிமுத்து என்கிற லைன்காரர் சாவிப்பையோடு வந்து, குழி மூடியைத் திறந்து, வெகுநேரம் குனிந்து பார்த்தார். “வெட்டினதை மறுபடி எப்படிம்மா வெட்டுறது?” என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் மரியகொறற்றி மீண்டும் திலக்ஷன் முன்னால் நின்றாள்.

“லைன் இல்லாததால வெட்ட முடியலன்னு ரிப்போர்ட் வந்திருக்கு ஆன்ட்டி. இப்ப ஒரே வழிதான் இருக்கு. முதல்ல உங்களுக்குத் தொடுக்கணும். தொடுத்த பிறகு வெட்டணும். வெட்டின பிறகு நீங்க திருப்பித் தொடுக்கக் கேட்கலாம்.”

மரியகொறற்றியின் முகம் மலர்ந்தது. “முதல்ல தொடுக்கிறீங்கல்ல, அப்படியே விட்டுடுங்களேன்!”

“அது எப்படி ஆன்ட்டி? வெட்டாத லைனைத் தொடுக்க சிஸ்டத்துல இடமில்லையே.”

அவள் மாடிக்கு ஏறினாள். கஜேந்திரன் யாழ்ப்பாணத்து மனிதர், மரியாதை தெரிந்தவர். கதிரை காட்டி இருக்கச் சொன்னார். தன்னுடைய திரையை அவள் பக்கமாகத் திருப்பியும் வைத்தார். கண்டி மாவட்டம் முழுவதும் ஒரே பச்சை.

“அம்மா, உங்கட வீடு இதுதானே? பாருங்கோ, என்ன வடிவான பச்சை.”

“பார்க்க நல்லாத்தான் இருக்கு சேர். குடிக்க முடியாதே.”

“ஓம், அது எனக்கும் விளங்குது. ஆனா நான் ஒண்டையும் தொடேலாது அம்மா. பாக்கத்தான் ஏலும். கீழ போய் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.”

இப்படியாக மரியகொறற்றி காரியாலயத்தின் தினசரி ஆளானாள். காலையில் வருவாள், மூன்று கவுன்டருக்கும் நடப்பாள், மாடி ஏறுவாள், இறங்குவாள். ஒருநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் நிலூஷாவிடம் மன்றாடிக்கொண்டு நின்றார். நிலூஷாவின் பழைய படியில் அவர் வீடே இல்லை. அரூசின் திரையில் இருக்கும். அரூஸ் நாலு அடி தள்ளித்தான் இருந்தார். ஆனாலும் கேட்க முடியாது. ‘பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் தரவுகளை வாய்வழியாகப் பரிமாறிக்கொள்ளலாகாது’ என்று சுற்றறிக்கை இருந்தது. பகிடி பேசலாம், பால் தேத்தண்ணி மாற்றிக் குடிக்கலாம். தரவு மட்டும் பேசக்கூடாது.

நிலூஷா மரியகொறற்றியைப் பார்த்தாள். மரியகொறற்றி ஊழியர் இல்லை.

“அக்கா, பில் பக்கந்தானே போறீங்க? இந்த ஐயாவோட வீட்டுக்கு இன்னைக்கு என்ன காட்டுதுன்னு அப்படியே கேட்டுட்டு வந்துடுறீங்களா?”

மரியகொறற்றி கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அதைத் திலக்ஷனிடமும் போய்ச் சொன்னாள். பெரியவர் வீட்டுக்கு அன்றைக்கே தண்ணீர் போனது. அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த நாள் திலக்ஷனும் கேட்டான். அதற்கடுத்த நாள் அரூசும் கேட்டார். “அக்கா, புசல்லாவ ஆள் ஒண்டு வந்தீக்குது, மெனேஜர்ட படத்துல அந்த ரோட்டு பச்சையா மஞ்சளாண்டு ஒருக்கா பாத்துட்டு வாங்க.” அவள் போனாள், பார்த்தாள், வந்தாள். எந்தக் கவுன்டரில் எதைச் சொன்னால் எது நகரும் என்று கால் பழகிவிட்டது. வரிசைகள் குறைந்தன. வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய சொந்த விஷயம் மட்டும் தள்ளித் தள்ளிப் போனது.

“என்னோடதையும் ஒருக்கா பாருங்களேன் மிஸ்.”

“உங்களுக்கு என்னக்கா அவசரம்? நீங்க இங்கதானே இருக்கீங்க. தூரத்துல இருந்து வந்தவங்களை முதல்ல அனுப்பிடுவோம்.”

அந்தக் கிழமை முடிந்தது. கடை முதலாளி மெசின் இடியப்பத்துக்கு மாறினார்.

இதற்கிடையில் கொழும்பில் ஒரு குழப்பம். நாடு முழுவதிலும் உள்ள கிளைகளில் கண்டிக் கிளையில் மட்டும் மூன்று மென்பொருளும் தரவுத்தளமும் ஒத்துப்போயின. இது எப்படிச் சாத்தியம் என்று ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் வெளிநாட்டில் படித்தவர். கழுத்தில் பெயரட்டை, காதில் ஒரு கருவி, கையில் ஒரு போத்தல் தண்ணீர். வெளியாள் ஒருத்தி உள்ளே நடமாடுகிறாள் என்று தெரிந்தால் கஜேந்திரனுடைய உத்தியோகம் போய்விடும்.

“உங்கள் மென்பொருள்கள் எந்த வழியால் மத்திய தரவுத்தளத்தை அணுகுகின்றன?” என்று நிபுணர் கேட்டார்.

“ஒரு இடைமுகம் வச்சிருக்கிறம் சேர்.”

“எங்கே செய்தது?”

“உள்ளூர்த் தயாரிப்பு.”

“நினைவகம் எப்படி?”

“அபாரம். பழைய கோபம் கூட அழியாது.”

“மின்சாரம் அதிகம் இழுக்குமா?”

“இல்லை சேர். ஒரு பிளேன்டீயும் மீன் வச்ச ஒரு மாலுபனிசும் போதும்.”

நிபுணர் எழுதுவதை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மரியகொறற்றி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “சேர், அந்தப் பச்சையைக் கொஞ்சம் திருப்புங்க. கீழ ரெண்டு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். நிபுணர் எழுந்து, அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“அற்புதம்!” என்றார்.

நிபுணரின் அறிக்கை தடித்த மட்டை போட்டு வந்தது. நேரடி வழி, படி வழி, தூது வழி, பட வழி ஆகிய நான்கும் தோல்வியடைந்த இடத்தில், நடக்கும் வழி வெற்றி பெற்றிருப்பதாக அதில் கண்டிருந்தது. இவ்வழியை நிரந்தரமாக்க வேண்டும். ஆனால் மரியகொறற்றியை ஊழியராக நியமித்தால், ஊழியர்கள் தரவு பேசக்கூடாது என்ற சுற்றறிக்கை குறுக்கே நிற்கும். ஆகவே அவள் ‘மனித வகைச் சாதனம், தரம் மூன்று’ என்று பதியப்பட்டாள். சாதனம் என்றாலும் மனித வகை என்பதால் ஓய்வூதியம் உண்டு. கதிரை, மேசைகளில் ஒட்டும் இலக்கச் சீட்டு ஒன்றை அவளுடைய பெயரட்டையிலும் ஒட்டினார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திய படிப்பு ஒரு தடையாகக் கருதப்படவில்லை. தான் சுமப்பதைப் புரிந்துகொள்ளாத சாதனமே பாதுகாப்பானது என்று நிபுணர் தனியாக ஒரு பந்தி எழுதியிருந்தார்.

அதற்கடுத்த பந்திதான் முக்கியமானது. சாதாரணப் பொதுமக்கள் இரண்டு கவுன்டருக்கு நடந்ததும் சோர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சாதனம் ஏன் சோர்வதில்லை? ஆராய்ந்ததில், இதன் வீட்டில் தண்ணீர் இல்லாமையே இதன் இயக்குவிசை எனத் தெரியவந்தது. ஆகவே மேற்படி நிலைமையை எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது. அத்துடன், ஒரு சாதனம் தன்னைப் பற்றிய தரவைத் தானே சுமப்பதும் ஒழுங்குக்கு மாறானது.

“அப்ப எங்க வீட்டுத் தண்ணி?” என்று மரியகொறற்றி கேட்டாள்.

“அம்மா, இப்ப நீங்கள் கவர்மென்ட்,” என்றார் கஜேந்திரன்.

அவள் பெயரட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவளுடைய குடும்பத்தில் ஏழு தலைமுறையாக யாரும் கவர்மென்ட் ஆனதில்லை.

அதற்குப் பிறகு மரியகொறற்றியின் நடை மாறியது. முன்பு ஓடி ஓடிக் கேட்டுச் சொன்னவள், இப்போது பெயரட்டையை நேராக்கிவிட்டுத்தான் எழுந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பெரியவர் வேறொரு விஷயமாக வந்து, “தங்கச்சி, என்னை ஞாபகமிருக்கா?” என்று கேட்டபோது, “வியாழக்கிழமை வாங்க” என்றாள். அது திங்கட்கிழமை. மெசின் இடியப்பம் ரப்பர் மாதிரி இழுபடுகிறது என்று கடை முதலாளி இறங்கி வந்தார்.

“அக்கா, பழையபடி அவிச்சுத் தாங்கக்கா. ஆட்டோ வச்சுத் தண்ணிகூட நான் அனுப்புறேன்.”

“ஒபிஸ் நேரத்துல இடியப்பம் பேசக்கூடாது முதலாளி” என்றாள்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கிளைகளிலும் இதே போன்ற சாதனங்கள் பொருத்தப்படும். தகுதி ஒன்றுதான். விண்ணப்பதாரர் வீட்டில் தண்ணீர் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

செய்தி வந்த அன்று மாலை றேணுகா பட்டர் கேக்கோடு இறங்கி வந்தாள். புத்திமதி கொண்டுவரவில்லை.

“அக்கா, நம்ம வீட்டு லைனையும் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லுங்களேன்.”

“ஏன், நல்லாத்தானே வருது?”

“அதுதானேக்கா கஷ்டம். விடிஞ்சா பொழுதுபட்டா வருது. நிக்கவே மாட்டேங்குது. நம்ம மகன் கிஷான் எத்தனை நாளைக்கு வேலையில்லாம இருக்கிறது? உங்க வீட்டுக்குக் குடுத்த அந்தக் குடுப்பினையைக் கர்த்தர் எங்களுக்கும் குடுக்கக்கூடாதா?”

றேணுகாவுக்குப் பின்னால் ரோட்டே வந்தது. ஒருவர் வாழைக்குலை கொண்டுவந்தார். ஒருவர் தன் வீட்டில் தண்ணீர் மெல்லிசாகத்தான் வருகிறது, அதை அரைத் தகுதியாக எடுக்கலாமா என்று கேட்டார். இத்தாலியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் கத்தினார். “எங்களோட லைனைத்தானே வெட்டச் சொன்னோம்? நீங்க எப்படி அதை எடுத்துக்கலாம்? நியாயப்படி அந்த வேலை எங்க மருமகளுக்கு வரவேண்டியது!”

இந்த நேரத்தில்தான், ஒருநாள் காலையில் காளிமுத்து மறுபடி வந்தார். முறைப்பாட்டு மென்பொருளுக்கு எப்படியோ ஒரு புதுப் படி வந்து சேர்ந்துவிட்டதாம். மரியகொறற்றியின் முறைப்பாடு சரியானதுதான் என்று அது ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

“தொடுத்துக் கொடுக்கச் சொல்லிட்டாங்க அண்ணே,” என்று அவர் சொல்லி முடிக்குமுன் பற்றிக் தோளிலிருந்த வாளிகளைக் கீழே போட்டுவிட்டு, தானே ஓடிப்போய்க் குழி மூடியைத் தூக்கினான். அவனுக்கு இடுப்பு நிமிர்ந்து பல நாளாகியிருந்தது.

மரியகொறற்றி பெயரட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

“மூடுங்க.”

“கொறற்றி, தண்ணி வருதுடி!”

“வந்தா நான் என்ன சாதனம்? என் தகுதி என்னாகிறது?”

“அதான் இடியப்பம் இருக்கே. அந்த முதலாளி இன்னமும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கார்? பழையபடி நிம்மதியா…”

“இடியப்பத்துக்குப் பென்ஷன் இருக்கா?”

பற்றிக் ஆம்பிளைக்கு ஆம்பிளை என்று காளிமுத்துவைப் பார்த்தான். காளிமுத்து குழியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சாவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு அண்ணே” என்றார். பிறகு மரியகொறற்றியின் பக்கமாக நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, நம்ம மகள் சுகிர்தா டிகிரி முடிச்சிட்டு வீட்டுலதான் இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. எங்க வீட்டு லைனை நானே வெட்டி வச்சிட்டேன்.”

“பேர் போட்டு வைக்கிறேன். ஆனா இப்பவே கிடைக்கும்னு நினைக்காதீங்க. உங்களுக்கு முன்னால மெனேஜர் சேர் இருக்கார்.”

“மெனேஜர் சேருமா?”

“மகனுக்காகக் கேட்டிருக்கார். அவர் வீட்டம்மாதான் பாவம், குளிக்கிறதுக்கு அக்கா வீட்டுக்குப் போய் வர்றாங்க.”

டவுன் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. மரியகொறற்றி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பற்றிக் மூடியைப் போட்டு மூடிவிட்டு, வாளிகளை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினான். அங்கே அவனுக்கு முன்னால் பெரிய வரிசை. அதில் நின்றவர்களில் பாதிப்பேர் வீட்டுக் குழாயில் நன்றாகத் தண்ணீர் வருகிறவர்கள். பழகிக்கொள்ள வந்திருந்தார்கள்.